லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஒரு பிரித்தானிய அதிகாரியும், 19ஆம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க ஒளிப்படக் கலைஞரும் ஆவார். பொழுதுபோக்காக ஒளிப்படம் எடுக்கத் தொடங்கிய இவர், பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் நீர்நிலைகளையும் 1858 இல் இவர் எடுத்த படங்கள், இவ்விடங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளிப்படத் தொகுப்புகளுள் அடங்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே சுருளாக இணைத்தது இவரது பணிகளுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இவரது முழுமையான ஒளிப்பட வாழ்க்கை ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே நீடித்தது. 1859 இல் அரசு செலவைக் குறைக்க முற்பட்டபோது இவரது திட்டம் நிறுத்தப்பட்டது.

பிறப்பும் படைப்பணியும்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், கடற்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில் பிறந்தார். அவ்வூர் அப்போது பிளிமத் டாக் என்று அழைக்கப்பட்டது. பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இவர் ஒன்பதாமவர். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் இளைய மகன்கள் பலர் வாழ்வாதாரம் தேடிக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் சேர்வது வழக்கம். டிரைப்பும் அவ்வாறே கம்பனிப் படையில் சேர்ந்து 1839 இல் இந்தியா வந்தார். சென்னைப் படையின் 12ஆவது காலாட்படைப் பிரிவு இவருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் தென்னிந்தியப் படைமுகாம்களில் கழிந்தன. அக்காலத்தைப் பற்றித் தனித்துச் சொல்லத்தக்கது எதுவுமில்லை. மற்ற அதிகாரிகளைப் போலவே இவரும் படிப்படியாகப் பதவி உயர்ந்து கப்டன் ஆனார்.

ஒளிப்படக் கலை அறிமுகம்

1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் இங்கிலாந்து சென்ற டிரைப், அங்கேயே ஒளிப்படம் எடுக்கக் கற்றார். காலமும் இதற்கு ஏற்றதாக அமைந்தது. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1841 இல் காப்புரிமை பெற்றிருந்த காகித ஒளிப்பட முறையை, உரிமக் கட்டணமின்றித் தொழில்முறை சாராதோர் பயன்படுத்த 1852 இல் இசைவு தந்தார். அதற்கு முன்பு கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த பலர் அதன் பிறகு இக்கலையில் இறங்கினர். 1853 சனவரியில் இலண்டன் ஒளிப்படக் கழகம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே டிரைப் அதன் உறுப்பினரானார்.

இக்காலத்தில் இவர் தம் சொந்த ஊரான டெவன்போர்ட்டின் கப்பல்களையும் துறைமுகக் கட்டுமானங்களையும் படம் எடுத்தார். எவரும் கேட்டு எடுத்த படங்கள் அல்ல அவை. தாமாகப் பழகுவதற்காக எடுத்தவை. பிற்காலப் பணியின் இயல்புகள் சில இவற்றிலேயே தென்படுகின்றன. பெரிய கட்டுமானத்தை நேர்முகமாக நின்று நோக்குவது, கோடுகள் சாயாமல் காப்பது, முன்னால் நிறைய வெற்றிடம் விடுவது ஆகியவை அவற்றுட் சில.

பேளூர், ஹளேபீடு பயணம்

1854 இன் நடுப்பகுதியில் டிரைப் இந்தியா திரும்பிப் பெங்களூரில் தம் படைப்பிரிவில் சேர்ந்தார். அவ்வாண்டு திசம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு, சென்னைப் படையின் மருத்துவரும் ஒளிப்பட ஆர்வலருமான ஆண்ட்ரூ நீல் என்பவருடன் மைசூர் நாட்டுக்குள் பயணம் செய்தார். பேளூரிலும் ஹளேபீட்டிலும் உள்ள போசளர் காலக் கோயில்களை இருவரும் படம் எடுத்தனர். இப்பயணத்தை அரசு கேட்கவில்லை, செலவும் அவர்களுடையதே.

1855 பெப்ரவரியில் சென்னையில் தென்னிந்திய மூலப்பொருட்கள், கலைகள், கைத்தொழில்கள் பற்றிய பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதில் டிரைப் இப்பயணத்தில் எடுத்த 68 படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றைச் சிறந்தவையாக மதிப்பிட்டது. கோயிற் சிற்பங்களைப் பதிவுசெய்ய ஓவியரை அனுப்பிப் பல மாதங்கள் காத்திருப்பதை விட, ஒளிப்படமே விரைவானதும் நம்பகமானதும் ஆகும் என்ற எண்ணம் கம்பனி இயக்குநர்களிடம் அப்போது உருவாகிவந்தது. டிரைப்பின் படங்கள் சரியான நேரத்தில் சரியானவர்களின் கண்ணில் பட்டன எனலாம்.

பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழு

1852 இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பிரித்தானியர் பெகு மாகாணத்தைக் கைப்பற்றியிருந்தனர். அதனை உடன்படிக்கை மூலம் உறுதிசெய்யும் நோக்குடன், தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு 1855 இல் பர்மிய அரசர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஆர்தர் ஃபேயர் தலைவராகவும், பின்னாளில் ஆப்சன்-ஜாப்சன் அகராதியால் புகழ்பெற்ற என்றி யூல் செயலாளராகவும் இருந்தனர். கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியரும் உடன் சென்றார். குழுவின் ஒளிப்படக் கலைஞராக டிரைப் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குழு ஐராவதி ஆற்றின் வழியாக நீராவிப் படகுகளில் சென்றது. மழைக்கால ஈரமும் நோயும் டிரைப்பின் வேலையைப் பலநாள் தடுத்தன. ஆயினும் இரங்கூன், புரோம், பாகன், ஆவா, அமரபுரம் முதலிய இடங்களில் 200க்கும் மேற்பட்ட எதிர்ப்படிமங்களை (நெகட்டிவ்களை) எடுத்தார். அமரபுரத்தில் ஏரியின் மீதுள்ள நீண்ட தேக்குமரப் பாலத்தையும், அதன் வடமுனைக்கு அருகில் அமர்ந்த நிலையில் இருந்த மாபெரும் புத்தர் சிலையையும் படம் எடுத்தார்.

தூதுக்குழு கேட்ட உடன்படிக்கை கிடைக்கவில்லை. ஆனால் படங்கள் கிடைத்தன. பெங்களூருக்குத் திரும்பிய பின் டிரைப் அவற்றிலிருந்து 120 காட்சிகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலும் 50 படிகள் எடுத்தார். அதாவது 6000 படங்கள், அனைத்தும் கையால் உருவாக்கப்பட்டவை. இவ்வேலை 1857 வரை நீண்டது. இதற்கிடையில் மிண்டோன் தம் தலைநகரை மாந்தளைக்கு மாற்றத் தொடங்கினார். அமரபுரத்து மர அரண்மனையின் பகுதிகள் பிரித்தெடுக்கப்பட்டுப் புதிய நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இதனால் டிரைப் படம் எடுத்த நகரம், படங்கள் அச்சாகி முடிவதற்குள்ளாகவே கலையத் தொடங்கிவிட்டது.

சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞர்

1856 இன் இறுதியில் சென்னை அரசு டிரைப்பைத் தன் ஒளிப்படக் கலைஞராக நியமித்தது. மாகாணத்தில் அழிந்துபோகக்கூடிய பழஞ்சின்னங்களை, அவை அழியுமுன் பதிவுசெய்வதே பணியின் நோக்கம். கட்டடக் கலைஞர், சிற்ப ஆய்வாளர், வரலாற்றாசிரியர் ஆகிய அனைவருக்கும் பயன்படும் வகையில் படங்கள் அமைய வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1850 இல் அலெக்சாண்டர் அண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்ற சி. அய்யாசாமி என்பவர் டிரைப்பிடம் உதவியாளராகப் பணியாற்றினார். அரசு ஆவணங்களில் மட்டுமே பெயர் எஞ்சியுள்ள இத்தகைய உதவியாளர்களின் உழைப்பு இன்றி இவ்வளவு படிகள் உருவாகியிருக்க முடியாது.

1857 திசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வட இந்தியாவில் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. கருவிகள், வேதிப்பொருட்கள், காகிதம், கூடாரம் ஆகியவற்றை மாட்டு வண்டிகள் சுமந்தன. சேலம் மாவட்டத்தின் இராயக்கோட்டையில் தொடங்கிய பயணம், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சென்று 1858 ஏப்ரல் வாக்கில் சென்னையில் முடிந்தது. கோடை முற்றுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் வேலை விரைவாக நடந்தது. பெரிய அளவுப் படங்களுடன், இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டிக் கனஅளவுத் தோற்றம் தரும் இரட்டைப் படங்களும் எடுக்கப்பட்டன.

மதுரை

இப்பயணத்தில் மதுரைக்கே மிகுதியான படங்கள் அமைந்தன. மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள், புதுமண்டபத்தின் உட்பாதைகள், முடிவுறாத இராயகோபுரம், வண்டியூர்த் தெப்பக்குளம், தமுக்கம், வைகையைக் கடக்கும் தரைப்பாலம், திருப்பரங்குன்றம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கோயிலின் நகைகளையும் ஒரு படத்தில் காணலாம். 1840களில் மதுரைக் கோட்டைச் சுவர்களை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத் தூணும் படமாகியுள்ளது. கோட்டை போய்விட்டது. அதனை இடித்தவரின் நினைவுச்சின்னம் டிரைப்பின் தொகுப்பில் இடம்பெற்றது.

திருமலை நாயக்கர் மகாலின் படங்கள் இவற்றுள் மிக முக்கியமானவை. அரண்மனையின் பெரும்பகுதி ஏற்கெனவே சிதைந்திருந்தது. எஞ்சியிருந்த கூடங்களின் சுதைவேலைப்பாடுகள் உதிர்ந்தும் தூண்கள் வெளிப்பட்டும் நின்றன. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது (1866–1872) இம்மகாலைச் சீரமைக்க ஏற்பாடு செய்தார். இன்று பயணிகள் பார்ப்பது பெரிதும் அச்சீரமைப்புக்குப் பிந்தைய தோற்றமே ஆகும். எது பழையது, எது பின்னர்ச் சேர்ந்தது என்று பிரித்தறிய விரும்புவோருக்கு டிரைப்பின் படங்கள் நேரடிச் சான்றுகள்.

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை

திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டையைச் சுற்றிய காட்சிகளும், ஸ்ரீரங்கத்தில் கோயிலின் வாயில்களும் மண்டபங்களும் படமாயின. டிரைப் சென்ற காலத்தில் ஸ்ரீரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் அடித்தளத்தோடு மொட்டையாகவே நின்றது. 13 நிலைகளுடன் அது நிறைவுற்றது 1987 இல்தான். எனவே அக்கோயிலின் இன்றைய அடையாளமாக நாம் கருதும் தோற்றத்தை இவரது தொகுப்பில் தேடுவதில் பயனில்லை. புதுக்கோட்டைச் சமத்தானத்தில் திருமயம் குன்றையும் கோட்டையையும் படம் எடுத்தார். இவ்விடங்களுக்கெனத் தனித்தனித் தொகுதிகள் வெளியாயின.

தஞ்சாவூர்

தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855 இல் இறந்ததைத் தொடர்ந்து, அவ்வரசு முற்றுமாகக் கம்பனியின் கைக்குச் சென்றிருந்தது. மூன்றாண்டுகளுக்குள் டிரைப் அங்கு வந்தார். அரண்மனையையும், கோட்டைக் கொத்தளத்தின் மீதிருந்த பெரிய பீரங்கியையும், பெரிய கோயிலின் விமானம், நந்தி, முருகன் கோயில் ஆகியவற்றையும் படம் எடுத்தார். அருகிலுள்ள திருவையாறும் இத்தொகுதியில் இடம்பெற்றது.

இங்குதான் இவர் தம் வாழ்நாளின் மிகக் கடினமான படத்தை எடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நீளமாகச் செல்லும் கல்வெட்டு வரிகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. தொலைவில் நின்றால் எழுத்துத் தெரியாது. அருகில் சென்றால் சில அடி அகலமே அகப்படும். ஒரே இடத்தில் நின்று கருவியைத் திருப்பித் திருப்பி எடுத்தால் இரு ஓரங்களிலும் எழுத்துகள் சுருங்கிக் கோணலாகும். இதற்கு ஒரே தீர்வு, சுவருக்கு இணையாக, மாறாத தொலைவில், கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுப்பதே ஆகும். டிரைப் அவ்வாறு 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி (சுமார் 5.8 மீட்டர்) நீளமுள்ள சுருளாக்கினார். இக்காலத்தில் கணினி மென்பொருள் பல படங்களைத் தானே பொருத்தித் தைத்துவிடுகிறது. டிரைப்புக்கு அளவுகோலும் பொறுமையும் மட்டுமே துணை. வெயில் நகர நகர நிழலும் மாறும் என்பதையும், ஒரு படம் பழுதானால் தொடர் அறுந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

டிரைப்புக்குத் தமிழ்க் கல்வெட்டுகளை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. அக்காலத்தில் அவற்றை வாசிக்கக்கூடியவர்களே அரிதாக இருந்தனர். பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பது குறித்துக்கூட வெவ்வேறு கதைகள் வழங்கின. முதலாம் இராசராச சோழனே அதைக் கட்டினான் என்பது 1880களின் பிற்பகுதியில் கல்வெட்டியலாளர் ஊல்ச் அக்கல்வெட்டுகளைப் படித்த பின்னரே உறுதியாக நிலைபெற்றது. தஞ்சைக் கல்வெட்டுகளின் பாடங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் அச்சாயின. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, பொருள் அறியாத ஒருவர், படிக்கப்போகிறவர் எவரோ அவருக்காக எழுத்துகளைச் சிதைவின்றிப் பதிவுசெய்து வைத்தார். டிரைப்பைப் பற்றி ஒன்று மட்டும் நினைவில் கொள்ள விரும்பும் தமிழ் மாணவர் இச்சுருளையே நினைவில் கொள்ளலாம்.

செய்முறை

டிரைப்பின் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசிப் படம் எடுக்கும் முறை 1851 முதல் பரவிவந்தது. அது மிகத் தெளிவான படம் தரும். ஆனால் பூச்சு உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். தென்னிந்திய வெயிலில் பூச்சு நிமிடங்களில் காய்ந்துவிடும். கண்ணாடியோ மாட்டு வண்டியில் உடையும். எனவே டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார்.

நல்ல எழுதுதாளை அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலும் தோய்த்து ஒளியுணரச் செய்வர். கருவியில் வைத்து வெளிச்சம் காட்டிய பின் கலிக் அமிலத்தில் உருத்துலக்கி, ஹைப்போ கரைசலில் நிலைப்படுத்துவர். காகிதத்துக்கு மெழுகிட்டால் அது ஒளி ஊடுருவத் தக்கதாகும். மெழுகிட்ட தாளை முன்கூட்டியே தயாரித்துச் சில நாட்கள் வைத்திருக்கவும் இயலும். டிரைப்பின் பெரிய எதிர்ப்படிமங்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குல அளவுடையவை. அன்று படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி இல்லை. எதிர்ப்படிமத்தை மற்றொரு தாளின் மீது அழுத்தி வெயிலில் வைத்தே படி எடுக்கப்பட்டது. ஆகவே படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ கருவியும் அவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும்.

காகித முறையில் ஒரு குறை உண்டு. நீல ஒளிக்கு மிகையாக உணர்வுடையதால் வானம் வெறும் வெண்மையாகவோ திட்டுத்திட்டாகவோ விழும். பசுமையோ கருத்துவிடும். டிரைப் இதை எதிர்ப்படிமத்தின் மீது தூரிகையால் திருத்தினார். எதிர்ப்படிமத்தில் வண்ணம் பூசிய இடம் ஒளியை மறைக்கும், அதனால் படியில் அவ்விடம் வெளுப்பாக விழும். இவ்வாறே அவர் வானத்தில் மேகங்களை வரைந்தார், மர இலைகளுக்கு ஒளியூட்டினார். இன்று எஞ்சியுள்ள எதிர்ப்படிமங்களில் இத்தூரிகைத் தடங்களைக் காணலாம். உள்ளதை உள்ளபடி பதிவுசெய்ய நியமிக்கப்பட்ட ஒருவர் மேகத்தைத் தாமே வரையலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கட்டடங்களின் உருவத்தை அவர் மாற்றவில்லை என்பதும், வானத்திலும் இலைகளிலுமே திருத்தம் செய்தார் என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கவை. எனினும் 1858 சனவரியில் திருச்சியில் எத்தகைய மேகம் இருந்தது என்று அறிய இப்படங்களை நாடுவது தவறாகும்.

அமராவதிச் சிற்பங்கள்

பயணம் முடிந்தபின் 1858 இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிப் பௌத்தச் சிற்பங்களை டிரைப் படம் எடுத்தார். வால்டர் எலியட் 1845 இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை என்பதால் இவை எலியட் பளிங்குக் கற்கள் என்று அழைக்கப்பட்டன. இக்கற்களில் பெரும்பாலானவை 1859 இல் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. இன்று அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையில் அவை இருந்த நிலைக்கு டிரைப்பின் தொகுதி ஒரு சாட்சியாகும்.

திட்டம் நிறுத்தப்படல்

படிகள் அச்சிடும் வேலை பெங்களூரில் தொடர்ந்து நடந்தது. 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, சேலம் மாவட்டத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. படங்களுடன் சேர்ந்த விளக்கக் குறிப்புகளை அவ்வூர்களை அறிந்த பிறர் எழுதினர்.

1857 கிளர்ச்சிக்குப் பின் இந்திய அரசின் நிதிநிலை மிகவும் தளர்ந்திருந்தது. 1859 மார்ச்சில் சர் சார்லசு டிரெவெல்யான் சென்னை ஆளுநராக வந்தார். பிரித்தானியக் கருவூலத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவரும், சிக்கனத்துக்குப் பெயர்போனவருமான இவருக்கு, டிரைப்பின் அலுவலகம் அரசு தாங்கக்கூடாத ஓர் ஆடம்பரமாகத் தோன்றியது. மாகாணத்துக்குத் தேவையான படங்களை எளிய முறையில் குறைந்த செலவில் பெற்றுக்கொள்ளலாம் என்று கருதி அத்திட்டத்தை நிறுத்த ஆணையிட்டார். தொடங்கிய வேலைகளை முடித்தபின் 1860 இல் அலுவலகம் மூடப்பட்டது. உதவியாளர்கள் விடுவிக்கப்பட்டனர்.

ஆளுநரின் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. காகிதமும் வேதிப்பொருட்களும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு படியும் கையால் செய்யப்பட்டது. திருப்தியளிக்காத படியை டிரைப் வெளியே விடமாட்டார். பொழுதுபோக்காளராகத் தம் விருப்பத்துக்கு வேலை செய்தபோது ஏற்படுத்திக்கொண்ட தர அளவுகளை, அரசுப் பணியிலும் அவர் தளர்த்தவில்லை. அவரது படங்கள் இன்றும் மங்காமல் இருப்பதற்கும், அவரது அலுவலகம் அதிகச் செலவுள்ளதாகத் தோன்றியதற்கும் காரணம் ஒன்றுதான். தென் மாவட்டங்களுக்கு ஒரே ஒரு பயணம் முடிந்த நிலையில் திட்டம் நின்றதால், காஞ்சிபுரம், சிதம்பரம், இராமேசுவரம் முதலிய இடங்களுக்கு அவரது கையால் அத்தகைய தொகுதிகள் அமையவில்லை.

டிரெவெல்யானும் நீண்டநாள் பதவியில் நீடிக்கவில்லை. வருமான வரி குறித்து மைய அரசுடன் வெளிப்படையாக முரண்பட்டதால் 1860 இல் திரும்ப அழைக்கப்பட்டார். சென்னை அரசு 1867–68 இல் எட்மண்ட் டேவிட் லையன் என்பவரை அமர்த்தித் தென்னிந்தியக் கோயில்களை மீண்டும் படம் எடுக்கச் செய்தது. ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட வேலை பத்தாண்டுகளுக்குள் மறுபடியும் தேவைப்பட்டது.

பிற்காலம்

திட்டம் நின்றபோது டிரைப்புக்கு வயது 38 கூட நிறையவில்லை. அவர் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் ஒளிப்படத்தை ஏறத்தாழ முற்றிலும் கைவிட்டார் எனலாம். பிற்காலத்தில் பர்மாவில் பணியாற்றியபோது எடுத்த மிகச் சில சிறிய படங்களே விதிவிலக்கு. 1870களின் நடுப்பகுதியில் மேஜர் ஜெனரல் என்ற மதிப்புறு தகுதியுடன் ஓய்வுபெற்று டெவன்போர்ட்டுக்குத் திரும்பினார். 1902 மார்ச் 2 அன்று அங்கேயே காலமானார். அவரது இறுதி நாற்பது ஆண்டுகளில் ஒளிப்பட உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

படங்களின் இயல்பு

டிரைப்பின் படங்களைப் பார்க்கும் எவரும் முதலில் உணர்வது அவற்றின் வெறுமையாகும். மதுரைத் தெருக்களிலும் புதுமண்டபத்திலும் மக்கள் கூட்டம் இல்லாத நேரமே அரிது. ஆயினும் பெரும்பாலான படங்களில் ஆட்களைக் காண முடியாது. வெளிச்சம் காட்டும் நேரம் நீண்டதாக இருந்ததால் நடமாடுவோர் பதிவாகவில்லை என்பது ஒரு காரணம். கட்டடத்தை மறைக்கும் எதையும் தவிர்க்க வேண்டும் என்ற பணி நோக்கம் மற்றொன்று. இப்படங்களை மட்டும் பார்ப்பவர், இக்கோயில்கள் அன்று கைவிடப்பட்டுக் கிடந்தன என்று தவறாக எண்ணக்கூடும். உண்மையில் அவை வழிபாடும் விழாவும் வணிகமும் நிறைந்தவையாகவே இருந்தன.

அதேவேளை, இவை வெறும் அளவைப் படங்களும் அல்ல. தூண்வரிசையின் ஆழத்தை நீண்ட நிழலால் காட்டும் புதுமண்டபப் படமும், நீர்ப்பரப்பின் நடுவில் மைய மண்டபம் தனித்து நிற்கும் தெப்பக்குளப் படமும் அரசு ஆணைக்காக மட்டும் எடுத்தவையாகத் தோன்றவில்லை. டெவன்போர்ட் துறைமுகத்தில் தனக்காகப் பழகிய கண்ணே இங்கும் வேலை செய்கிறது.

மீள்கவனம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்பட வரலாற்று ஆய்வு வளர்ந்தபோது டிரைப் மீண்டும் கவனம் பெற்றார். ஜேனட் டூவன் தொகுத்த இவரது படங்களின் முழு விவரப் பட்டியல் 2003 இல் வெளியானது. 2014 செப்டம்பரில் வாசிங்டன் தேசிய கலைக்கூடத்தில் தொடங்கிய இவரது படக் கண்காட்சி, 2015 இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் தொடர்ந்து நடைபெற்றது. பிரித்தானிய நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவரது தொகுதிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றை இணையத்திலும் பார்க்கலாம்.

இப்படங்களைத் தேடும் மாணவர்கள் ஊர்ப்பெயர்களை அக்கால ஆங்கில வழக்கிலேயே தேட வேண்டியிருக்கும். மதுரை மதுரா என்றும், தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், ஸ்ரீரங்கம் செரிங்கம் என்றும், புதுக்கோட்டை பூடூகோட்டா என்றும், திருமயம் டிரிமியம் என்றும் குறிக்கப்பட்டுள்ளன. திருவையாறு டிரிவாடி என்ற பெயரில் உள்ளது. விமானம் என்ற சொல் கல்வெட்டுச் சுருளின் தலைப்பில் பிமானம் என்று எழுதப்பட்டுள்ளது.